கண்ணாடித் தொட்டியில் வளரும் நீர்ச்செடிகளுக்கு வேண்டிய வெளிச்சம்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து நன்னீர் மீன் வளர்க்கும் வழக்கம் பட்டணங்களோடு நில்லாமல் கிராமங்களிலும் பரவியிருக்கிறது. அத்தொட்டியில் உயிருள்ள செடிகளையும் நட விரும்புவோர் பலர். ஆயின் நட்ட செடி ஒரு மாதத்திற்குள் அழுகிப் போயிற்று என்று சிலரும், ஜலம் பச்சையாகி மீனே கண்ணுக்குத் தெரியவில்லை என்று சிலரும் குறை கூறுவதுண்டு. இவ்விரு குறைகளும் பெரும்பாலும் வெளிச்சத்தின் அளவை அறியாமையால் விளைபவை.

புளியமர நிழல் விழும் வரப்போரத்தில் நெற்பயிர் வெளிறி, நீண்டு, மணி பிடியாமல் நிற்பதைக் குடியானவர் அனைவரும் கண்டிருப்பர். எவ்வளவு எருவிட்டாலும் அவ்விடம் தேறுவதில்லை. தொட்டிச் செடியின் நிலையும் அதுவே. வீட்டுக் கூடம் மனிதர் கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றினும், நடுப்பகலில் வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்குகூட அங்கே இருப்பது அரிது. கண்மணி ஒளிக்குத் தக்கபடி சுருங்கி விரிவதால் மனிதருக்கு இவ்வேற்றுமை புலப்படுவதில்லை. செடிக்கு அந்த வசதி இல்லை.

இங்கன்ஹவுஸ் என்னும் டச்சு வைத்தியர் இலைகளை ஜலத்தில் அமிழ்த்தி அவற்றினின்று எழும் குமிழிகளைக் கவனித்து, தாவரங்கள் வெளிச்சத்தில் மாத்திரமே பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பதை 1779-ஆம் ஆண்டில் விளக்கினார். 1850-இல் லண்டன் நகரத்து ரசாயன நிபுணர் வாரிங்டன், தங்கமீன் இரண்டையும் நாடா போன்ற இலையுடைய வாலிஸ்நேரியாச் செடியையும் ஒரே தொட்டியில் வைத்துப் பார்த்தார். செடி மீனுக்குப் பிராணவாயு அளித்தது. ஆனால் பழுத்த இலைகள் அழுகிப் பாசி படரவே, அதைத் தின்னக் குளத்து நத்தைகளையும் விட நேர்ந்தது. இன்றும் தொட்டி வைப்போரைத் தொல்லைப்படுத்துவது அந்தப் பாசியே.

வெளிச்சத்தைக் கணக்கிட, விளக்கின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் அளவைப் பார்த்தல் வேண்டும். வாட் என்பது செலவாகும் மின்சாரத்தின் அளவேயன்றி ஒளியின் அளவன்று. பழைய 60 வாட் இழை விளக்கு தந்த ஒளியை இப்போது 9 வாட் எல்.இ.டி. விளக்கே தந்துவிடுகிறது. லிட்டர் ஒன்றுக்கு 10 முதல் 20 லூமென் வரை இருந்தால் எளிய செடிகளுக்குப் போதும் என்பது வளர்ப்போரின் கைக்கணக்கு. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் ஓரடி ஜலம் நின்றால் ஏறக்குறைய 56 லிட்டர் ஆகும். அதற்கு மேற்சொன்ன 9 வாட் விளக்கு ஒன்று சரியாகும். பெட்டியில் 6500 கெல்வின் என்று குறித்த வெண்ணிற விளக்கு ஏற்றது. ஒன்றரை அடிக்கு மேல் ஆழமான தொட்டிக்கு அதிக ஒளி வேண்டும். மூடிக் கண்ணாடியில் படியும் தூசியும் உப்பும் ஒளியைத் தின்றுவிடுமாதலால் வாரந்தோறும் துடைத்தல் நலம்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் விளக்கெரித்தால் போதும். புதிய தொட்டிக்கு ஆறு மணியில் தொடங்குதல் உத்தமம். செடி வளரவில்லை என்று இரவு பகலாக விளக்கெரிப்போர் உண்டு, இது பெருந்தவறு. ஒளியோடு கரியமிலவாயுவும் சத்துக்களும் கிடைத்தாலன்றிச் செடி வளராது. அவை போதாதபோது மிகுதியான ஒளி செடிக்குப் பயன்படாமல் பாசிக்கே ஊட்டமாகிறது. அப்போது கடையில் மருந்து தேடுவதைவிட விளக்கை இரண்டு மணி நேரம் குறைப்பதே சிக்கனமான பரிகாரம். ஜன்னலோரத்தில் நேர் வெயில் படும்படி தொட்டியை வைத்தலும் ஆகாது. ஜலம் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைந்துவிடும்.

இருளில் செடியும் மீனைப் போலவே பிராணவாயுவை உட்கொள்ளும். செடியும் மீனும் அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதற்கு இதுவே காரணம். குளத்து மீனிடமும் இதைக் காணலாம்.

கணுக்களுக்கிடையே தண்டு நீண்டு கீழிலை உதிர்ந்தால் பெரும்பாலும் வெளிச்சம் குறைவு. இலை விளிம்பில் பாசி ஒட்டினால் மிகுதி. நம் நாட்டு ஏரி வாய்க்கால்களில் தானே முளைக்கும் ஹைட்ரில்லா மிகக் குறைந்த ஒளியிலும் வளரும். வாலிஸ்நேரியாவும் எளிதில் பிழைக்கும். ஆம்பலுக்கு நிறைந்த ஒளி வேண்டும். தென் அமெரிக்கக் கபோம்பா மங்கிய ஒளியில் இலையுதிர்த்து நலியும்.

நல்ல வெளிச்சத்தில் செடி விரைந்து வளருமாதலால் அடிக்கடி கத்தரிக்க நேரும். கத்தரித்த துண்டுகளை வாய்க்காலிலோ ஏரியிலோ எறிதல் கூடாது. ஹைட்ரில்லாவின் ஒரு கணுவே புதுச் செடியாகி மதகை அடைக்கும். கபோம்பா கேரள நீர்நிலைகளில் களையாகப் பரவியிருக்கிறது. கிராம உத்தியோகஸ்தர் இதைத் தொட்டி வைத்திருப்போருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். துண்டுகளை வெயிலில் சருகாக உலர்த்தி எருக்குழியில் இடலாம்.