சன்னலோரக் கைப்பேசி

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், முன்பு மிளகுக் கிடங்காக இருந்து பின்னர் வீடாக மாறிய கட்டடம் ஒன்று உண்டு. அங்கு வாழும் தமிழ்க் குடும்பத்தார் எனக்கு நெடுநாளாக அறிமுகமானவர்கள். அவ்வீட்டில் கைப்பேசிக்கென்றே ஓர் இடம் இருந்தது: தெருவைப் பார்த்த சன்னலின் திண்டு. வளைகுடா நாட்டில் பணிபுரியும் மகனுடன் பேச வேண்டுமென்றால், பாட்டி அந்தச் சன்னலுக்குத்தான் வர வேண்டும். அவருடைய கட்டில் கிடக்கும் உள்ளறையிலோ கைப்பேசி வெறும் கடிகாரமாகத்தான் பயன்பட்டது.

மழைக்கால இரவொன்றில் பாட்டி அந்த அறையில் கால் இடறி விழுந்தார். கைக்கெட்டும் தொலைவில் கைப்பேசி இருந்தது; சிக்னல்தான் இல்லை. மாடியில் உறங்கிய பேரனின் செவிக்கு அவரது குரல் எட்ட அரைமணி நேரம் ஆயிற்று. நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. எட்டாம் வகுப்பு மாணவனான அப்பேரன், மறுநாளே இக்குறையை ஆராயத் தொடங்கினான். அவன் செய்தவற்றை நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பார்க்கலாம்.

கேரளத்தின் முதல் கைப்பேசி அழைப்பு, மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள எறணாகுளத்தில்தான் நிகழ்ந்தது. 1996 செப்டம்பர் 17 அன்று அவென்யூ ரீஜென்ட் விடுதியில் இருந்து எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை, தென்மண்டலக் கடற்படைத் தலைவர் டாண்டனுடன் உரையாடினார். அடுத்த சில ஆண்டுகளில் கரையோரக் கோபுரங்களின் அலைகள் கடலுக்குள் 20 கிலோமீட்டருக்கு மேலும் எட்டின. மத்தி மீன் பிடிப்போர், எந்தத் துறையில் விலை நன்றாக உள்ளது என்பதைப் படகில் இருந்தபடியே கேட்டறிந்தனர். இதை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் இராபர்ட் ஜென்சன், மீனவரின் இலாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்ததையும், மீன் விலை 4 விழுக்காடு குறைந்ததையும் 2007ஆம் ஆண்டில் எழுதினார். கடலில் அத்தனை தொலைவு செல்லும் அலை, கோபுரத்திற்கு அருகிலேயே உள்ள ஓர் அறைக்குள் ஏன் நுழையவில்லை? பேரனின் முதற்கேள்வி இதுவே.

விடை சுவரில் இருக்கிறது. கடலில் அலையை மறிப்பதற்கு எதுவும் இல்லை. மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளோ, முழங்கை அளவுக்கும் மேல் தடித்த வெட்டுக்கல் சுவர்களால் ஆனவை. வெட்டுக்கல் நுண்துளைகள் நிறைந்தது. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீர் வானொலி அலைகளின் ஆற்றலை விழுங்கும் தன்மை உடையது. கூரையில் தகரம் வேய்ந்திருந்தால், அது அலையைத் திருப்பி அனுப்பிவிடும். பாட்டியின் அறைக்கும் தெருவுக்கும் இடையில் இத்தகைய சுவர்கள் இரண்டு இருந்தன.

அலைநீளமும் இதில் பங்கு வகிக்கிறது. 900 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். 2300 மெகாஹெர்ட்சு அலைக்கு அது 13 சென்டிமீட்டர். பொதுவாக, நீண்ட அலை சுவரை ஊடுருவுவதிலும் மூலைகளில் வளைந்து செல்வதிலும் வல்லது. குறுகிய அலை மிகுதியான தரவைச் சுமக்கும், ஆனால் சுவரிடம் எளிதில் தோற்கும். ஒரே தெருவில் ஒரு நிறுவனத்தின் சிம் அட்டை நன்றாக வேலைசெய்ய, மற்றொன்று தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திரையில் தெரியும் கோடுகளை நம்பி முடிவு செய்யாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை அந்தந்தக் கைப்பேசி நிறுவனமே வகுத்துக்கொள்கிறது. 2010ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம், தன் ஐபோன் பல நேரங்களில் உண்மையான அளவைவிட இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டியது என்று தானே ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு டிபிஎம் என்னும் அலகில் கிடைக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் ‘அமைப்புகள்’ பகுதிக்குச் சென்று, ‘ஃபோனைப் பற்றி’, ‘சிம் நிலை’ என்று தொடர்ந்தால் அவ்வெண்ணைக் காணலாம். அது எதிர்க்குறி உடைய எண். சுழியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலிமை பெறுகிறது. 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

பேரன் ஒரு தாளில் வீட்டின் படத்தை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று அளவைக் குறித்தான். சன்னலில் -87. மாடிப்படியின் நடுவில் -96. பாட்டியின் கட்டிலருகே -117. சன்னலுக்கும் கட்டிலுக்கும் இடையே 30 குறைகிறது. அதாவது, சன்னலுக்கு வரும் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கட்டிலை எட்டுகிறது. அந்த நிலையில் மறுமுனைக் குரல் அறுந்து அறுந்து கேட்கும். பெரும்பாலும் அழைப்பே போகாது.

ஆயினும் சுவரின் மீது மட்டுமே பழிபோட அவன் விரும்பவில்லை. குறை கைப்பேசியிலா, சிம் அட்டையிலா, இடத்திலா என்பதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. உங்கள் சிம் அட்டையை மற்றொரு நல்ல கைப்பேசியில் இட்டு, அதே இடத்தில் பாருங்கள். அங்கே நன்றாக வேலைசெய்தால், குறை உங்கள் கைப்பேசியில். எங்கு கொண்டுபோனாலும், எதில் இட்டாலும் அந்தச் சிம் மட்டும் தடுமாறினால், அதை மாற்றித் தருமாறு விற்பனை மையத்தில் கேட்கலாம், எண் மாறாது. எல்லாக் கைப்பேசிகளும் அந்த இடத்தில் மட்டும் சோர்ந்தால், குறை இடத்திற்கு உரியது. பாட்டியின் அறையில் நடந்தது இந்த மூன்றாவது.

கைப்பேசியிலேயே செய்யத்தக்க சில சிறு வேலைகள் உள்ளன. விமானப் பயன்முறையை அரை நிமிடம் இயக்கி நிறுத்தினால், கைப்பேசி பழைய கோபுரத்தை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடும். பயணம் முடிந்து வீடு திரும்பியதும் சிக்னல் மந்தமாக இருந்தால் இதுவே பெரும்பாலும் போதும். சிம் அட்டையை எடுத்து, அதன் பொன்னிறத் தகட்டை உலர்ந்த மென்துணியால் துடைத்து மீண்டும் பொருத்தலாம். கடற்காற்றும் ஈரமும் மிகுந்த கொச்சியில் இது வீண்வேலை அன்று. உலோகத் தகடோ காந்தமோ உள்ள உறையைக் கழற்றிப் பாருங்கள். 5ஜி விட்டுவிட்டு வரும் இடத்தில், அமைப்புகளில் 4ஜியைத் தேர்ந்தெடுத்தால் அழைப்பு நிலைபெறக்கூடும். எல்லாம் பயனற்றுப்போனால் பிணைய அமைப்புகளை மீட்டமைக்கலாம். ஆனால் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் அழிந்துவிடும், முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியின் பின்புறம் ஒட்டினால் சிக்னல் பெருகும் என்று விற்கப்படும் பளபளப்பான ஒட்டுத்தாள்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். அவற்றால் அலை பெருகாது. சிக்னலைப் பெருக்கித் தரும் மின்கருவிகளின் நிலை வேறு: அவை உண்மையிலேயே வேலைசெய்யும், ஆனால் உரிய அனுமதி இன்றி அவற்றை நிறுவுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். ஒரு வீட்டில் வைத்த முறையற்ற கருவி, கோபுரத்தின் காதில் இரைச்சலை நிரப்பி, தெருவில் உள்ள மற்றவர்களின் அழைப்பைக் கெடுத்துவிடும். உங்கள் பாட்டிக்காக வைத்த கருவி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் அழைப்பை அறுக்கலாம் அல்லவா?

முறையான வழி ஒன்று இருக்கவே செய்தது. 2019ஆம் ஆண்டின் இறுதி முதல் இந்தியாவில் வைஃபை வழி அழைப்பு வசதி கிடைக்கிறது. கோபுரம் எட்டாத இடத்தில், வீட்டின் அகலப்பட்டை இணைப்பின் வழியே அதே எண்ணில் பேசலாம். தனிச் செயலி தேவையில்லை. அமைப்புகளில் அதை இயக்கினால் போதும். பேரனின் வீட்டு முன்னறையில் வைஃபை கருவி ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதன் அலையும் வெட்டுக்கல்லைக் கடக்கத் திணறியது. அவன் கருவியை இடைகழி வாயிலின் மேல் நிலைக்கு மாற்றினான்; 5 கிகாஹெர்ட்சுக்கு மாறாக, நீண்ட அலையுடைய 2.4 கிகாஹெர்ட்சு பட்டையைத் தேர்ந்தான். மரக்கதவு அலையை அவ்வளவாக மறிப்பதில்லை. அன்று மாலை பாட்டி கட்டிலில் அமர்ந்தபடியே மகனுடன் பேசினார். “சன்னலுக்குப் போகாமலே கேட்கிறதே!” என்று இருமுறை சொன்னாராம்.

இதில் ஒரு குறை உண்டு. மின்சாரம் நின்றால் வைஃபையும் நின்றுவிடும். கொச்சியில் மின்சாரம் நிற்பது பெரும்பாலும் மழையிரவில்தான். 2018 ஆகத்து வெள்ளத்தில் எத்தனையோ பேர் தாம் இருக்கும் இடத்தைக் கைப்பேசி வழியே அனுப்பித்தான் மீட்புப் படகை வரவழைத்தனர். அத்தகைய நேரத்தில் மின்கலம் பொன்னைப்போல் அரிது. சிக்னல் மெலிந்த இடத்தில் கைப்பேசி தன் முழு ஆற்றலையும் கூட்டிக் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருப்பதால், மின்கலம் விரைவில் தீரும். பேசாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வைத்திருப்பது நல்லது. 112 என்னும் அவசர எண்ணுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிடினும், அங்கே கிடைக்கும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியே அந்த அழைப்பு செல்லும்.

ஆகவே பேரன் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தான். வைஃபை கருவிக்குச் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கித் தருமாறு தந்தையிடம் கேட்டு இணைத்தான். பிறகு மாடிப்படியின் நடுவில், தான் -96 என்று அளந்த இடத்தில், சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்தான். கட்டிலில் இருந்து அதற்கு ஒன்பது அடி. இருட்டில் பிடித்துக்கொண்டு வருவதற்காக, அந்த ஒன்பது அடிக்கும் சுவரோரம் ஒரு கயிறும் கட்டப்பட்டிருக்கிறது.