கட்டடத் தொழில் படிப்புக்கு முதல் இரண்டு மாதப் பணம்

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதும் மாணவர் பலரின் பெற்றோர் கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர். தேர்வு முடிந்ததும் பிள்ளைகளில் சிலர் பெற்றோருடன் வேலைக்குப் போகிறார்கள். தினக்கூலி கையில் புழங்கத் தொடங்கியபின், சேர்க்கைக்கு அழைத்தால் அவர்கள் வருவது அரிது. அதே தொழிலைப் படித்துச் சான்றிதழுடன் செய்யும் வாய்ப்பு, சில ஆயிரம் ரூபாய் இல்லாததால் கைநழுவுகிறது. அந்தச் சிறு தொகையை ஊரிலேயே எப்படித் திரட்டலாம் என்பதை, நாங்கள் செய்துவரும் முறையைக் கொண்டு விளக்குகிறேன்.

முதலில் படிப்புகள். பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் கட்டடப் பட வரைவாளர், நில அளவர் பிரிவுகளில் 2 ஆண்டு படிக்கலாம். பிளம்பர், வெல்டர் பிரிவுகள் 1 ஆண்டு. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ 3 ஆண்டு. ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி உண்டு.

அடுத்து, அரசு தரும் உதவிகள். அரசு ஐ.டி.ஐ.களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ படிப்போருக்கும் இது பொருந்தும். டிப்ளமோ சேரும் மாணவியர், குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஆண்டுக்கு ரூ.50,000.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதியாக வசூலிக்கப்பட்டு வாரியத்துக்குச் சேர்கிறது. பதிவுபெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கான கல்வி உதவியும் அதிலிருந்தே வருகிறது. ஆனால், பெற்றோரின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பல வீடுகளில் அட்டை இருக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள்.

இத்தனை இருக்க, தனி நிதி எதற்கு? இந்த உதவிகளில் பெரும்பாலானவை சேர்ந்தபின், சரிபார்ப்பு முடிந்து, வங்கிக் கணக்குக்கு வருபவை. விண்ணப்பக் கட்டணம், விடுதி முன்பணம், வரைபடக் கருவிகள், பாதுகாப்புக் காலணி, பயணச் செலவு ஆகியவை சேரும் நாளிலேயே வேண்டும். எனவே எங்கள் நிதியின் இலக்கு ஒன்றுதான்: ஒரு மாணவரின் முதல் இரண்டு மாதச் செலவு.

கேட்க வேண்டியவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சிமெண்ட், கம்பி வியாபாரிகள், செங்கல் சூளை உரிமையாளர்கள், கட்டடப் பொறியாளர்கள், மேஸ்திரிகள், இத்துறையில் உள்ள முன்னாள் மாணவர்கள். படம் பார்த்து வேலை செய்யத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்படுபவர்களும் இவர்களே. "நன்கொடை தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் காட்டினால் பலன் அதிகம். கடைக்காரர் ஒருவர் காலணி வாங்கித் தரலாம். மேஸ்திரி ஒருவர் தம் ஒருநாள் கூலியைத் தரலாம். இரண்டையும் ஒரே மரியாதையுடன் ஏற்கிறோம்.

சில விதிகளைக் கறாராகப் பின்பற்றுகிறோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்ட பிறகே நிதி திரட்டுகிறோம். பணம் குழுவின் வங்கிக் கணக்கில் சேரும். எந்த ஆசிரியர் கையிலும் தங்காது. ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. மாணவர்களிடமிருந்து ஒரு ரூபாயும் வசூலிப்பதில்லை. கட்டணத்தை இயன்றவரை நிறுவனத்துக்கே நேரடியாகச் செலுத்துகிறோம். படித்து முடித்ததும் தம்மிடம்தான் வேலைக்கு வர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பவரின் பணத்தை ஏற்பதில்லை. உதவி பெறும் பிள்ளையை மேடையேற்றிப் புகைப்படம் எடுப்பதும் இல்லை. வீட்டு வறுமையை ஊர் அறிய வேண்டிய தேவை அந்தப் பிள்ளைக்கு இல்லை.

வேலையை ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது. அந்த மாதம் பெற்றோரின் வாரிய அட்டையையும் மாணவரின் ஆதார், வங்கிக் கணக்கு இணைப்பையும் சரிபார்க்கலாம். பிப்ரவரியில் அருகிலுள்ள ஐ.டி.ஐ.க்கு மாணவர்களையும் பெற்றோரையும் ஒருநாள் அழைத்துச் செல்லலாம். மார்ச்சுக்குள் நிதியைத் திரட்டிவிடலாம். தேர்வு முடிவு வரும் வாரத்தில், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஆசிரியர் ஒருவர் நேரில் சென்று, "சேர்க்கைக்கான பணம் தயாராக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். பெற்றோர் முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான்.