கைநாட்டு வைக்கும் முன் கணக்கைக் கேளுங்கள்

"குளவி கொட்டினது விதி. அதுக்குத் துரை என்ன செய்வாரு?" இது லயத்து வாசலில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஸ்டோரில் ரோலரில் கை அகப்பட்டவரும், "நான்தான் கவனிக்காம கையை வச்சிட்டேன்" என்று சொல்லி, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார். இந்த இரண்டு பேச்சாலும் நம் குடும்பங்கள் பெரிய தொகையை இழந்திருக்கின்றன.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக விபத்து நடந்து காயப்பட்டால், வேலை கொடுத்தவர் நட்டஈடு தரவேண்டும் என்று அது சொல்கிறது. யார் பிழை என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. வேலையால் வந்த காயமா என்பதுதான் கேள்வி. ஆகவே நட்டஈடு என்பது தர்மக்காசு அல்ல, நம்முடைய உரிமை.

எந்தக் காயம் சேரும்?

கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டுவது, கவ்வாத்து வெட்டும்போது கத்தி படுவது, கொழுந்துச் சாக்கோடு வழுக்கி விழுவது, வேலை செய்யும் இடத்தில் மரம் முறிந்து விழுவது, ஸ்டோரில் மெசினில் அடிபடுவது, ஆள் ஏற்றிப்போகும் லொறி கவிழ்வது எல்லாவற்றுக்கும் கோரிக்கை வைக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் சேரும். ஆனால் வேறு சோலிக்காக வழி மாறிப் போயிருக்கக் கூடாது.

"நான் கைக்காசுக்கு வேலை செய்றவ, எனக்குக் கிடைக்காது" என்று சில பெண்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டாம். தோட்டத்துத் தொழிலுக்காகக் கொழுந்து எடுக்கிறவர் தோட்டத்துக்கு வேலை செய்கிறவர்தான். கொந்தராத்துக்காரர் மூலம் வந்தவரும் கேட்கலாம்.

இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். குடித்துவிட்டு வேலைக்குப் போய் அடிபட்டாலும், மெசினின் பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றி வைத்து அடிபட்டாலும், அதைக் காட்டி நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. சாதாரணமாகக் கை தவறியது இந்தக் கணக்கில் வராது.

அன்றைக்கே செய்ய வேண்டியது

விபத்து நடந்ததும் காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. ஆனால் வீட்டில் இன்னொருவர் அன்றைக்கே மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும்.

கங்காணியிடம் வாயால் சொன்னது போதாது. பெரியாபீசில் எழுத்தில் அறிவியுங்கள். திகதி, நேரம், மலையின் நம்பர், என்ன வேலை, எப்படி அடிபட்டது என்று எழுதி, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேரின் பெயரையும் அதில் எழுதுங்கள். ஆறு மாதம் போனால் யார் எந்த நிரையில் நின்றார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு, ஆஸ்பத்திரிக் கார்டு, மருந்துச் சீட்டு எதையும் வீசவேண்டாம். டாக்டரிடம் "வேலை செய்யும்போது நடந்தது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "வீட்டில விழுந்தேன்னு சொல்லு, பிரச்சினை வராது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி எழுதப்பட்டால், பின்னால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

கணக்கு எப்படி?

கொஞ்ச நாள் வேலைக்குப் போக முடியாத காயமா, நிரந்தரக் குறைபாடா, மரணமா என்பதைப் பொறுத்தும், மாதச் சம்பளத்தைப் பொறுத்தும் தொகை மாறும். தற்காலிகக் காயத்துக்கு அரை மாதத்துக்கு ஒரு தரம் பணம் தரவேண்டும். நிரந்தரக் குறைபாட்டுக்கு, நூற்றுக்கு எத்தனை வீதம் உழைக்கும் சக்தி போனது என்று பார்த்து மொத்தமாகத் தரவேண்டும். ஆகவே வைத்தியச் சான்றிதழில் இந்த வீதம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சம்பளத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆகக்கூடிய நட்டஈடு 5,50,000 ரூபாயாக இருந்தது. 2022இல் அது 20,00,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எல்லாருக்கும் இவ்வளவு கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் ஐயாயிரம், பத்தாயிரம் கையில் வைத்து "முடிஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால், இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

விரல் போனவர் காயம் ஆறி, பழையபடி பேர் போட்டு வேலை செய்கிறார் என்று வையுங்கள். சம்பளம் குறையவில்லை என்பதற்காக விரலுக்கான நட்டஈடு இல்லாமல் போகாது.

அந்தப் பேப்பர்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சூட்டோடு ஒரு பேப்பரைக் கொண்டுவருவார்கள். "கையெழுத்துப் போடு, காசை வாங்கிக்க." என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காத பாஷையில் இருந்தால், பிள்ளைகளிடமோ தலைவரிடமோ காட்டும்வரை கைநாட்டு வைக்காதீர்கள். அவசரப்படுத்தினால் இன்னும் யோசியுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் மனம் தளர வேண்டாம். "இனி நட்டஈடு கேட்கமாட்டேன்" என்று உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டத்தில் செல்லாது. இரு தரப்பும் பேசித் தீர்த்த தொகையையும் நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். தோட்டத்துக் கடனுக்கோ கடைக்கடனுக்கோ நட்டஈட்டுக் காசில் கைவைக்க முடியாது.

உயிர் போயிருந்தால்

மரணம் நடந்த வீட்டில் கணக்குப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் பிள்ளைகளின் சாப்பாடு இதில்தான் இருக்கிறது. மரண நட்டஈட்டை ஆணையாளரிடம்தான் கட்டவேண்டும். அவர் விசாரித்து மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், தங்கி வாழ்ந்த பெற்றோருக்குப் பிரித்துக் கொடுப்பார். செத்த வீட்டுச் செலவுக்குத் தோட்டம் கொடுத்த உதவி நட்டஈடு ஆகாது. மரண அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் மூன்றையும் தயாராக வையுங்கள். விவாகப் பதிவு இல்லாத குடும்பங்கள் இப்போதே அதைச் செய்துகொள்வது நல்லது.

எங்கே போவது?

தோட்டத்தில் தீராவிட்டால் பக்கத்துத் தொழில் திணைக்களக் காரியாலயத்தில் விசாரியுங்கள். நுவரெலியா, ஹட்டன், கண்டி, பதுளை போன்ற இடங்களில் இருக்கிறது. அங்கே வழிகேட்டு, கொழும்பிலுள்ள நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பம் அனுப்பலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. உங்கள் சங்கத்து மாவட்டக் காரியாலயத்தின் துணையைக் கேளுங்கள். ஆணையாளர் கட்டளையிட்டும் பணம் கட்டாவிட்டால், நீதவான் நீதிமன்றம் மூலம் அறவிடவும் வழியுண்டு. விண்ணப்பிக்கக் காலக்கெடு இருக்கிறது. ஆகவே காயம் முழுசாக ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இது தவிர, ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் நிரந்தர அங்கவீனத்துக்கும் மரணத்துக்கும் உதவி இருக்கிறது. அது வேறு கணக்கு. ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது.

இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அக்காவுக்கும் தாத்தாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். மலையில் போன விரலை யாராலும் திருப்பித் தரமுடியாது. அந்த விரலுக்கு உரிய காசையாவது விட்டுவிடாமல் இருப்போம்.