மூட்டையும் முகமும்

காவிரி கடலோடு கலக்கும் காவிரிப்பூம்பட்டினம் சங்க காலத்திலேயே மரக்கலங்களால் செழித்த துறைமுகம். கடல்வழி வந்த குதிரைகளும், மிளகு மூட்டைகளும், முத்தும் பவளமும் அதன் தெருக்களில் நிறைந்திருந்ததைப் பட்டினப்பாலை விரித்துரைக்கிறது. பொருள் தேடிப் புறப்படுவதும் திரும்பி வருவதும் அவ்வூர் வணிகர்களின் வழக்கம். போனவர் நலமாகத் திரும்ப வேண்டுமென்று இல்லத்தார் விளக்கேற்றி வேண்டுவதும் வழக்கமாகவே இருந்திருக்கும். அத்தகைய ஒரு திரும்புதலில்தான் பட்டினத்தாரின் துறவு தொடங்கியது என்கிறது மரபுக் கதை.

துறவுக்கு முன் அவர் திருவெண்காடர் என்னும் பெருவணிகர். துணைவியார் சிவகலை. செல்வம் குறைவின்றி இருந்தும் அவர்களுக்கு மகப்பேறு இல்லை. திருவிடைமருதூரில் வறுமையுற்றிருந்த சிவசருமர் என்னும் அடியார், இறைவன் ஆணைப்படி தமக்குக் கிடைத்த குழந்தையை அவரிடம் கொண்டுவந்து தந்தார். குழந்தையின் எடைக்கு எடை பொன் கொடுத்துத் திருவெண்காடர் அதனைப் பெற்றுக்கொண்டார். மருதவாணன் எனப் பெயரிட்டு அருமையாக வளர்த்தார். அக்குழந்தை மருதூர் ஈசனே என்பதை அவர் அறியவில்லை.

வளர்ந்த மகன் கடல் வணிகம் சென்றான். நெடுநாளுக்குப் பின் கலம் கரை சேர்ந்தது. ஆவலோடு சென்ற தந்தை கண்டவை எரு மூட்டைகளும் தவிட்டு மூட்டைகளும். ஊரார் நகைப்பார்களே என்னும் நாணம், முதல் போயிற்றே என்னும் ஏக்கம் இரண்டும் சேர்ந்து சினமாயின. வறட்டி ஒன்றை எடுத்து வீசி எறிந்தார். அது உடைந்தது, உள்ளிருந்து மாணிக்கங்கள் சிதறின. தவிட்டைக் கிளறினால் பொற்றுகள்!

மகிழ்ச்சி பொங்க மகனைத் தேடி இல்லத்துக்கு விரைந்தார். மகன் அங்கே இல்லை. அன்னையிடம் ஒரு சிறு பேழையைக் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டான். பேழைக்குள் இருந்தவை காதற்றுப்போன ஓர் ஊசியும் ஓர் ஓலையும். எதற்கும் உதவாத இந்த ஊசியைக்கூட இறுதிப் பயணத்தில் எவரும் உடன் கொண்டு செல்ல இயலாது என்பது ஓலையின் கருத்து. அந்த நொடியில் திருவெண்காடரின் கணக்கு முடிந்தது. அனைத்தையும் துறந்து கோவணத்தோடு வெளியேறினார்.

செல்வத்தின் நிலையாமையே இக்கதையின் பொருள் எனப் பெரியோர் கூறுவர். அதற்குள் இன்னொரு பாடமும் உண்டு. கடலின் ஆபத்துகளைக் கடந்து ஒரு பிள்ளை கரையேறி நிற்கிறான். அவன் இளைத்தானா, உண்டானா, உறங்கினானா என்று தந்தை வினவியதாகக் கதை சொல்லவில்லை. அவர் பார்வை மூட்டையில் இருந்தது. குழந்தையாக வந்தபோது மகனுக்கு ஈடாகப் பொன்னை நிறுத்தவர், வணிகம் முடித்து வந்தபோது மூட்டைகளைக் கொண்டு மகனையே எடை போட்டார். மாணிக்கம் கண்ட பின்னரே மகன் நினைவுக்கு வந்தான். அப்போது காலம் கடந்துவிட்டது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. துறவியான மகனிடம் பட்டினத்தாரின் அன்னை ஒன்றே ஒன்று கேட்டாள்: தன் இறுதிக் கடனை அவரே செய்ய வேண்டும். இடுப்பில் கட்டிய துணி முடிச்சு தானே அவிழும்போது அன்னையின் முடிவை அறியலாம் என்று ஏற்பாடு. ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்தது. எங்கோ இருந்த துறவி ஊர் திரும்பினார். உறவினர் அடுக்கியிருந்த விறகை விலக்கி, பச்சை வாழை மட்டைகளை அடுக்கி, மனமுருகிப் பாடினார், தீ மூண்டது. கப்பல் நிறையப் பொருளோடு வந்த மகனை வரவேற்கத் தவறியவர், வெறுங்கையோடு வந்து மகனின் கடமையைக் குறைவின்றி நிறைவேற்றினார். எல்லாம் துறந்த பின்னும் அவரால் துறக்க முடியாதது அன்னைக்குத் தந்த வாக்கு.

சென்னையை அடுத்த திருவொற்றியூரில், கடற்கரையருகே பட்டினத்தாரின் சமாதிக் கோயில் உள்ளது. சிவலிங்க வடிவில் அவர் அங்கே வழிபடப்படுகிறார். ஆடி மாத உத்திராடத்தன்று குருபூஜை நடைபெறும்.

மரக்கலத்தின் இடத்தில் இன்று விமானமும் இரவு ரயிலும் உள்ளன. அலுவல் நிமித்தம் பத்து நாள் வெளியூர் சென்ற மகனோ மகளோ மருமகனோ வாயிலில் வந்து நிற்கும்போது, பேரக் குழந்தைகள் பெட்டியை நோக்கி ஓடுவது இயல்பு, அது குழந்தைமை. போன காரியம் பலித்ததா, பதவி உயர்வு உண்டா என்னும் கேள்விகள் பெரியோர் நாவிலும் வந்து நிற்கும். அவை சற்றுக் காத்திருக்கலாம். காரியம் பலிக்காமல் திரும்பியிருந்தால், அந்தக் கேள்வியே எரு மூட்டை மீது வீசிய சினமாகிவிடும்.

ஒரு செம்பு நீர், “சாப்பிட்டாயா, அப்பா?” என்ற ஒரு சொல், பூஜை அறையிலிருந்து நெற்றியில் இட ஒரு சிட்டிகை திருநீறு. வந்தவருக்கு முதலில் வேண்டியவை இவையே. வந்து நிற்பவர் மருதவாணனாகவும் இருக்கலாம்.