ஆக்சிஜன் சித்தப்பாவின் கைமாற்று

வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்பானில் நீலமாக எரியும் விளக்கு நிஜமாகவே கிருமியைக் கொல்கிறதா என்று ஒரு வாசகர் கேட்கிறார். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கொல்வது 254 நானோமீட்டர் புற ஊதா; கண்ணில் படும் நீலம் அதன் எடுபிடி. விளக்கு பழசாகிப் புற ஊதா குறைந்த பிறகும் நீலம் ஜம்மென்று எரியும். கெடு முடிந்ததும் விளக்கை மாற்றிவிடுங்கள்.

அளந்து சொல்ல உணரி வேண்டும். பசையையும் மேற்பூச்சையும் புற ஊதாவால் இறுகவைக்கும் கார், கைப்பேசித் தொழில்களுக்கும் அது தேவை. அவை குவிந்திருக்கும் செம்பரம்பாக்கம்–ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் காசு கொடுத்து வாங்குமா என்பதே என் அளவுகோல்.

துத்தநாக ஆக்சைடு உணரியின் செய்முறை எளிது. துத்தநாக அசிட்டேட் கரைசலைச் சூடான கண்ணாடிமேல் தெளித்தால் துத்தநாக ஆக்சைடு படலம் தயார். ருசியான சங்கதி அதன் பரப்பில் நடக்கிறது.

படலம் ஒரு வீடு. அதில் உலவும் எலக்ட்ரான்கள் வீட்டுச் சில்லறை. காற்றிலுள்ள ஆக்சிஜன், கைமாற்று கேட்டு வரும் சித்தப்பா. இருட்டில் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். இப்படிப் பல சித்தப்பாக்கள் சேர்ந்தால் பணப்புழக்கம் வற்றி மின்னோட்டம் சொற்பமாகும். புற ஊதா பட்டதும் ஒரு புது எலக்ட்ரானும் அது விட்டுப்போன துளையும் பிறக்கின்றன. துளைதான் வசூல்காரர், திண்ணைக்குப் போய்க் கடனைப் பிடுங்கியதோடு அதன் கதை முடிகிறது. சித்தப்பா வெறுங்கையோடு காற்றில் கலக்கிறார். புது எலக்ட்ரானுக்கோ இணைசேரத் துளை இல்லை. நெடுநேரம் சுற்றிச் சுற்றி வந்து மின்னோட்டத்தைப் பெருக்குகிறது.

ஒளியை அணைத்தால்? சித்தப்பா மறுபடி கடன் கேட்டு வந்தால்தான் மின்னோட்டம் தணியும். அவர் சாவகாசமாக வருவார். சில படலங்களில் நிமிடக்கணக்காகும். காற்றை வெளியேற்றி வெற்றிடமாக்கினால் வர ஆளே இல்லை, மணிக்கணக்கில் தணியாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஈரக்காற்றில் நீராவி மாமாவும் திண்ணையில் பங்கு கேட்பார், அளவீடு மாறும். இந்தக் குடும்பத்தை இத்தோடு விட்டுவிடுவோம். உணர்திறனும் மந்தமும் ஒரே காரணத்தால் வருபவை என்பதுதான் விஷயம்.

இத்தகைய உணரிகளைப் பற்றிய கட்டுரைகளில் அடிபடும் கிராபீன் என்ற ஓரடுக்குக் கரித்தாள் எங்கே வருகிறது? பெரும்பாலும் அவற்றின் தலைப்பில். ஆற்றல் இடைவெளி இல்லாத அதற்குப் புற ஊதாவும் சாதாரண வெளிச்சமும் ஒன்றுதான். பிரித்தறிவது சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி கொண்ட துத்தநாக ஆக்சைடு. பிறந்த எலக்ட்ரானைத் துளையிடமிருந்து விலக்கி மின்முனையில் விரைவாகச் சேர்ப்பதே கிராபீனின் பங்கு. பல ஆய்வகங்களில் அது கிராபைட்டை அமிலத்தில் ஆக்சிஜனேற்றி உரித்து, பிறகு ஆக்சிஜனைக் குறைத்த செதில்; பழுதற்ற ஓரடுக்குத் தாள் அல்ல.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1801-இல் ஊதாவுக்கு அப்பால் வெள்ளி குளோரைடு கறுப்பதை இயற்பியலாளர் ரிட்டர் கண்டார்; புற ஊதா தெரியவந்தது அப்படித்தான். 2004-இல் கைம், நோவோசெலோவ் குழு ஒட்டுநாடாவால் உரித்த கிராபீனை அறிவித்தது. 2010-இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு. போதும்.

'ஆயிரம் மடங்கு உணர்திறன்' என்ற செய்திக்கு மயங்காதீர்கள். இருட்டு மின்னோட்டம் துளியாக இருந்தால் விகிதம் தானாக ஊதிப்போகும். ஒளி அணைந்தபின் எத்தனை வினாடியில் தணிகிறது, ஐப்பசி ஈரத்திலும் அதே எண்ணைக் காட்டுமா, ஓராண்டு கழித்தும் காட்டுமா என்று கேளுங்கள். சிலிக்கான் கார்பைடு உணரிகள் விலை கூடுதலானாலும் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லாத படலம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஆலைக்குள் போகாது.