காதுக்குள்ளே ஒரு புழு!



சில பாட்டு ஒரு தடவை கேட்டாலே மனசுல ஒட்டிக்கும். கணக்கு போடும்போதும் ஓடும், சாப்பிடும்போதும் ஓடும். முழுப் பாட்டும் வராது, ரெண்டு வரிதான் திரும்பத் திரும்ப வரும். இப்படிப்பட்ட பாட்டுக்கு ஆங்கிலத்தில் ‘இயர்வோர்ம்’ என்று பெயர். ‘இயர்’ என்றால் காது, ‘வோர்ம்’ என்றால் புழு. அதாவது காதுப்புழு!

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதன் தாய்வீடு ஜெர்மன் மொழி. அங்கே ‘ஓர்வுர்ம்’ என்பார்கள். அதற்கும் காதுப்புழு என்றுதான் அர்த்தம். முதலில் அது ஒரு பூச்சியின் பெயர். வால் பக்கம் இடுக்கி மாதிரி இருக்கும் சின்னப் பூச்சி அது. தூங்குகிறவர் காதுக்குள் புகுந்துவிடும் என்று ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் பயந்தார்கள், நாம் பூரானுக்குப் பயப்படுகிற மாதிரி! ஆனால் அந்தப் பூச்சி காதைத் தேடி வருவதில்லை. பிறகு, காதில் புகுந்துகொண்டு போகாத பாட்டுக்கும் ஜெர்மானியர்கள் அதே பெயரை வைத்தார்கள்.

ஆங்கிலத்தில் ‘இயர்’ என்றால் கதிர் என்றும் பொருள். அதனால் மக்காச்சோளக் கதிரைத் தின்னும் புழுவுக்கும் ‘இயர்வோர்ம்’ என்று பெயர் உண்டு. பாட்டைக் குறிக்கும் ‘இயர்வோர்ம்’ 1978-இல் டெஸ்மண்ட் பேக்லி எழுதிய ‘ஃப்ளைஅவே’ நாவலில் வருகிறது. இது ஜெர்மன்காரர்களின் சொல் என்று அவரே அதில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பெயர் வருவதற்கு முன்பே இந்தத் தொல்லை இருந்தது! 1876-இலேயே மார்க் ட்வைன், மண்டையை விட்டுப் போகாத ஒரு பாட்டைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார்.

இதற்கு மருந்து உண்டா? 2015-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சோதனை செய்து பார்த்தார்கள். சூயிங்கம் மென்றால் பாட்டு மனசில் வருவது குறைந்ததாம். (வகுப்பில் மெல்லாதீர்கள், அடி விழும்!)

தோழிகளே, ஆங்கிலம் என்றாலே நமக்குப் பயம். ஆனால் அந்த மொழியும் கடன் வாங்கித்தான் வளர்ந்திருக்கிறது. நம்ம கட்டுமரம்கூட அங்கே போய் ‘கேட்டமரான்’ ஆகியிருக்கிறது. ஜெர்மன் சொல்லை அவர்கள் தங்கள் மொழியில் மாற்றிக்கொண்டது போல நாமும் தமிழில் ஒரு சொல் உண்டாக்கலாமே? நான் ‘ஒட்டுப்பாட்டு’ என்று வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் உங்களுக்குத் தோன்றினால் துண்டுச்சீட்டில் எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். எது நல்லா இருக்கு என்று தமிழ் ஐயா சொல்லட்டும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி