செல்போனில் மோட்டார் போடலாம்

கடத்தூர் பக்கம் ராத்திரி மும்முனை கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு போருக்கு ஓடுகிறோம். வழியெல்லாம் பாம்பு பயம். இப்போது ஸ்டார்ட்டர் பக்கத்தில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டினால், வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம்.

சில பெட்டிகள் நாம் போன் செய்தாலே கேட்டுக்கொள்ளும். புது வகையில், நாம் செல்போனில் அழுத்துவது இன்டர்நெட் வழியாகக் கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்கு வரும். இதைத்தான் 'கிளவுட்' என்கிறார்கள். (வானத்து மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) கரண்ட் வந்ததும், தண்ணீர் வற்றி மோட்டார் நின்றதும் போனிலேயே தெரியும். ரீசார்ஜ் தீர்ந்தாலோ, டவர் கிடைக்காவிட்டாலோ வேலை செய்யாது. அதனால் கையால் போடும் சுவிட்சும் இருக்கட்டும்.

முக்கியமாக, மோட்டாரில் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எங்கேயோ இருப்பவர் தெரியாமல் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வேளாண்மைப் பொறியியல் துறை இந்தப் பெட்டிக்கு மானியம் கொடுத்திருக்கிறது. பெண் விவசாயிகளுக்குப் பாதி விலை வரை கிடைத்தது. இந்த வருடம் உண்டா என்று சிட்டாவோடு போய்க் கேளுங்கள். நம் பேரில் மானியம் வாங்கிவிட்டு, வீட்டுக்காரர் நம்பரை மட்டும் பதிகிறார்கள். மடை திருப்புவது நாம், மோட்டார் மட்டும் அவர் சட்டைப் பையிலா? மாட்ட வருகிறவரிடம் உங்கள் நம்பரையும் சேர்க்கச் சொல்லி, அங்கேயே ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.